மொரீஷியஸில் மக்களும் நீரும் நிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவில் ஜனம் பெருத்துவிட்டது, அதனால்தான் குழாயில் தண்ணீர் நின்று நின்று வருகிறது என்கிறார்களே?

பெருக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் 2022 கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொத்ரீக்ஸ் தீவையும் சேர்த்து இரண்டிலும் 12.3 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 பிள்ளை என்ற அளவுக்குப் பிறப்பு இறங்கிவிட்டது. தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ள 2.1 வேண்டும்.

ஆள் கூடாமலே தட்டுப்பாடு கூடியிருக்கிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். ஆள் எண்ணிக்கையைப் பொருட்டில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. அது ஒரு பெருக்கும் எண். எதைப் பெருக்குகிறது என்பதைத்தான் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்.

அப்படியானால் 1960-இல் ஜனம் பெருகி வழியும் என்று நிபுணர்கள் பயந்ததெல்லாம் வீண் பயமா?

வீண் பயமில்லை. அப்போதிருந்த கணக்கு அப்படி. தீவில் 1952-இல் சுமார் 5 லட்சம் பேர், 1962-இல் 6 லட்சத்து 80 ஆயிரம். ஆண்டுக்கு 3 விழுக்காட்டை ஒட்டிய வளர்ச்சி இது. 70-ஐ வளர்ச்சி விழுக்காட்டால் வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். 70 ÷ 3 என்றால் 23 ஆண்டு. அதே வேகத்தில் போயிருந்தால் 2010-க்குள் 25 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

ஏன் அந்த வேகம்? முதன்மையாகச் சாவு குறைந்ததால். 1860-களில் வந்து ஊரையே வாரிக்கொண்டுபோன மலேரியாவை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. தெளித்து ஏறக்குறைய ஒழித்தார்கள். குழந்தைகள் பிழைத்தன. குடும்பங்களோ பழைய கணக்கிலேயே ஐந்தாறு பெற்றன.

1960 பிப்ரவரியில் கேரல் புயல் வீடுகளையும் கரும்பையும் சேர்த்து அடித்துப்போட்டது. அந்தச் சூழலில்தான் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் வந்து ஆராய்ந்து 1961-இல் அறிக்கை தந்தார். ஒரே பயிர், ஒரே ஏற்றுமதி, வேகமாகப் பெருகும் ஜனம், ஆகவே அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்பு குறைவு என்பது அவர் பார்வை. 1977-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். மொரீஷியஸ் விஷயத்தில் கணிப்பு பலிக்கவில்லை, ஆனால் நோய் எது என்று சொன்னதில் பிழையில்லை. அந்த எச்சரிக்கையைக் காதில் வாங்கியதும் கணிப்பு பொய்த்ததற்கு ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம்.

பிறப்பு விகிதம் எப்படி அவ்வளவு வேகமாக இறங்கியது? கட்டாயப்படுத்தினார்களா?

கட்டாயம் இல்லை. 1957-இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியது. 1963-இல் கத்தோலிக்கர் தரப்பில் இயற்கை முறையைக் கற்றுத்தரும் அமைப்பு ஒன்று வந்தது. அரசு இரண்டுக்கும் பணம் கொடுத்தது, பிறகு சேவையைச் சுகாதாரத் துறைக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. மத விவகாரமாக வெடித்திருக்க வேண்டியது, அவரவர் விருப்பத்துக்கு ஒரு வழி என்று தீர்ந்தது.

1960-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு 6-ஐ ஒட்டி இருந்தது பத்தே ஆண்டில் 3.5 அளவுக்கு வந்துவிட்டது. பலரும் இதற்குத் துணி ஆலைகளைக் காரணம் சொல்வார்கள். ஆண்டுகளைப் பாருங்கள். அந்த ஆலைகளுக்கு வழிவிட்ட ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது 1970-இல், ஆலைகளில் பெண்கள் பெருமளவில் சேர்ந்தது அதற்கும் பிறகு. முதல் பெரிய இறக்கம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, பெண் படிப்பு, திருமண வயது தள்ளிப்போனது, பக்கத்திலேயே கிளினிக் ஆகியவைதான் முன்னால் நிற்கும் காரணங்கள். ஆலை வேலை இரண்டாம் இறக்கத்துக்கு உதவியது.

1972-இலேயே பிறப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்றால் அதற்குப் பிறகும் 4 லட்சம் பேர் கூடியது எப்படி?

வயதமைப்பு. 1950-களில் பிறந்த பெரிய கூட்டம் 1970-களிலும் 80-களிலும் தாய் தந்தையானது. ஆளுக்கு இரண்டு மூன்று பெற்றாலும், பெறுபவர்கள் ஏராளமாக இருந்ததால் மொத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறப்பு விகிதம் குறைந்த பின்னும் எண்ணிக்கை ஏறி ஓய 40 ஆண்டு வரை ஆகலாம். அணை, பள்ளி, மின்நிலையம் திட்டமிடுபவர்கள் பிறப்பு விகிதத்தை மட்டும் பார்த்துத் திட்டத்தைச் சுருக்கினால் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இவ்வளவு மழை பெய்யும் தீவில் தண்ணீர் பற்றாக்குறை எப்படி வரும்?

தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நீண்டகாலச் சராசரி மழை ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர். பெருக்கினால் 373 கோடி கன மீட்டர். அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஆவியாகிறது, 10 விழுக்காடு நிலத்தடிக்கு இறங்குகிறது, 60 விழுக்காடு ஓடையும் ஆறுமாகக் கடலுக்கு ஓடுகிறது. சரிவான எரிமலைத் தீவு, குறுகிய ஆறுகள். மலையில் விழுந்த மழை சில மணி நேரத்தில் கடலில் இருக்கும்.

ஓடுவது சுமார் 224 கோடி கன மீட்டர். பிடித்துவைக்க நம்மிடம் இருக்கும் முக்கிய நீர்த்தேக்கங்கள்: மார் ஓ வாக்வா 2.59 கோடி கன மீட்டர், மிட்லண்ட்ஸ் 2.55, பாகாத்தேல் 1.4, லா ஃபேர்ம் 1.15, மார் லோங் 0.63, லா நிகோலியேர் 0.53, பித்தோன் து மிலியூ 0.3. ஏழும் விளிம்பு வரை நிரம்பினாலும் 9 கோடி சொச்சம்தான். ஓடும் நீரில் இது 4 விழுக்காடு. இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி விவாதத்தில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

அடுத்தது காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் மழைக்காலம். தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் அதன் உச்சம். மே முதல் மெல்ல வற்றும். தமிழ்நாட்டில் ஐப்பசி என்றால் அடைமழை. இங்கே ஐப்பசியில்தான் நீர்த்தேக்கம் அடிமட்டம் காணும். புயல்மழை தவறிய ஆண்டில் அந்த அடிமட்டம் பிப்ரவரி வரை நீளும். 1998–99 வறட்சி அப்படி வந்ததுதான்.

அடுத்தது இடம். நடுமேட்டில் 4,000 மில்லிமீட்டர் வரை கொட்டுகிறது. மேற்குக் கரையில் 900-ஐ ஒட்டித்தான். வீடும் ஹோட்டலும் புதுக் குடியிருப்பும் பெருகுவதோ வடக்கிலும் மேற்கிலும். பக்கத்து ரேயூனியனிலும் இதே சிக்கல்தான். கிழக்கின் மழையை மேற்கே கொண்டுவர மலையைக் குடைந்து சுமார் 30 கிலோமீட்டருக்குச் சுரங்கக் கால்வாய் வெட்டினார்கள்.

“ஒருவருக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி” என்ற அளவுகோலில் மொரீஷியஸ் எங்கே நிற்கிறது?

அது ஸ்வீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கென்மார்க்கின் அளவுகோல். ஆண்டுக்கு ஆளுக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே நெருக்கடி, 1,000-க்குக் கீழே பற்றாக்குறை, 500-க்குக் கீழே கடும் பற்றாக்குறை.

ஆவியானதைக் கழித்தால் நமக்கு 261 கோடி கன மீட்டர். 1962-இல் ஆளுக்கு 3,800 வந்தது. இன்று தீவில் உள்ள சுமார் 11.9 லட்சம் பேருக்குப் பகிர்ந்தால் 2,200. ஆக, ஏட்டில் நெருக்கடியே இல்லை!

ஏடு ஏமாற்றுகிறது. கடலுக்கு ஓடும் நீரையும் உங்கள் பங்காகவே எழுதிவைக்கிறது அந்தக் கணக்கு. தேக்கிவைக்கும் கொள்ளளவை மட்டும் பகிர்ந்தால் ஆளுக்கு 77 கன மீட்டர்தான் வரும். அதிலும் ஒரு பங்கு பாசனத்துக்குப் போகிறது. பாடப்புத்தகத்துக்கு 2,200 சரி. நவம்பரில் குழாயைத் திறப்பவருக்கு 77 தான் உண்மை.

ஆள் எண்ணிக்கை, நுகர்வு, வீணாதல் மூன்றில் எது பெரிது என்று எப்படிக் கணக்கிடுவது?

வீட்டு உபயோகத்துக்கு மட்டும் ஒரு கணக்குப் போடலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என வைத்துக்கொள்வோம். 11.9 லட்சம் பேர் × 150 லிட்டர் × 365 நாள் என்றால் 6.5 கோடி கன மீட்டர். இது வீட்டுக்குள் வந்து சேர வேண்டிய அளவு. சுத்திகரித்து அனுப்பும் குடிநீரில் பாதிக்கு மேல் கட்டணக் கணக்குக்கே வருவதில்லை. குழாய்க் கசிவு, ஓடாத மீட்டர், திருட்டு இணைப்பு எல்லாம் அதில் அடங்கும். இதில் உடல்ரீதியான இழப்பே பாதி என்று எளிமைக்காக எடுத்துக்கொண்டால், 6.5 கோடி கொடுக்க 13 கோடி எடுக்க வேண்டும்.

இப்போது இரண்டு மாற்றம் செய்து பாருங்கள். மக்கள்தொகை 10 விழுக்காடு கூடினால் 13 என்பது 14.3 ஆகும். இழப்பை 50-இலிருந்து 40 விழுக்காட்டுக்குக் குறைத்தால் 13 என்பது 10.8 ஆகும். அதாவது கசிவில் பத்துப் புள்ளி குறைத்தால், ஜனம் 20 விழுக்காடு கூடினாலும் இப்போதைய எடுப்பிலேயே சமாளிக்கலாம். இன்றைய நிலையில் அந்தக் குழாய்கள் 24 லட்சம் பேருக்கு நீர் சுமக்கின்றன. அவர்களில் பாதிப் பேர் இல்லாதவர்கள்.

குழாய் ஏன் இவ்வளவு கசிகிறது? பழசு என்பது மட்டும்தானா?

பழசும் ஒரு காரணம். வார்ப்பிரும்பும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டும் ஆயுள் முடிந்து கிடக்கின்றன. ஆனால் அழுத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மார் ஓ வாக்வா கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் இறக்கத்துக்கு ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் ஏறும். இடையில் அழுத்தம் தணிக்கும் தொட்டிகளும் வால்வுகளும் இல்லாவிட்டால் கரையோரக் குழாய் எதுவும் நிற்காது. அவற்றில் ஒன்று பழுதானால் கீழ்ப்பக்கத் தெருக்களில் அடுத்தடுத்து வெடிப்பு வரும்.

3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, 3 பார் அழுத்தம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் போகும். 60 பேருக்கான நீர். அழுத்தம் இரட்டித்தால் இழப்பு 1.4 மடங்கு, பிளாஸ்டிக் குழாயில் பிளவு விரிவதால் அதற்கும் மேல். ராத்திரி யாரும் தண்ணீர் பிடிக்காதபோது அழுத்தம் ஏறும், கசிவும் ஏறும். அதனால்தான் ஒரு பகுதியின் கசிவை அளக்க விடியற்காலை 2 மணி முதல் 4 மணி வரை உள்ளே போகும் நீரை அளக்கிறார்கள். அந்த நேரத்து ஓட்டத்தில் பெரும்பங்கு கசிவுதான்.

முறை வைத்துத் தண்ணீர் விடுவது நிலைமையை மோசமாக்குகிறது. அடைக்கும்போது குழாயில் காற்றும், சுற்றியுள்ள சேற்றுநீரும் புகும். திறக்கும்போது நீர் காற்றைத் தள்ளிக்கொண்டு வந்து மூட்டுகளை அடிக்கும். முதலில் வரும் கலங்கல் நீரைக் குடிக்கப் பிடிக்காமல், தெளியும் வரை தோட்டத்துக்கு விடுங்கள்.

என் வீட்டில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

நீர் வரத்து இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். எல்லாக் குழாயையும் மூடி, மொட்டைமாடி டேங்குக்குப் போகும் வால்வையும் மூடுங்கள். மீட்டரின் சிவப்பு எண்களைப் படமெடுத்து வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே மண்ணுக்குள் கசிகிறது. நகரவில்லையென்றால் டேங்க் வால்வைத் திறந்து, டேங்க் நிரம்பிய பிறகு இன்னொரு மணி நேரம் பாருங்கள். இப்போது நகர்ந்தால் மிதவை வால்வு மூடவில்லை, அல்லது வீட்டுக்குள் எங்கோ ஒழுகுகிறது.

அதிகம் ஒழுகுவது கழிப்பறைத் தொட்டி. சமையல் நிறப்பொடியைத் தொட்டிக்குள் கலந்து அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது. ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்லும் பிளம்பரிடம் ரப்பரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

மழைநீர் பிடித்தால் எவ்வளவு கிடைக்கும்? எத்தனை லிட்டர் டேங்க் வாங்கலாம்?

கூரைப் பரப்பு சதுர மீட்டரில், மழை மில்லிமீட்டரில். இரண்டையும் பெருக்கி 0.8-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 80 சதுர மீட்டர் கான்கிரீட் தளத்தில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 6,400 லிட்டர். மேற்குக் கரையில் 20 மில்லிமீட்டர்தான் பெய்யும் குளிர்கால மாதத்தில் 1,280 லிட்டர்.

தேவையை எதிரே வையுங்கள். நாலு பேர், ஆளுக்கு நாளைக்கு ஐந்து முறை, முறைக்கு 6 லிட்டர் என்றால் கழிப்பறைக்கு மட்டும் மாதம் 3,600 லிட்டர். நடுமேட்டிலுள்ள கியூர்பீப்பில் இருப்பவருக்கு 1,000 லிட்டர் டேங்கே அடிக்கடி நிரம்பிக்கொண்டிருக்கும், பெரிது தேவையில்லை. மேற்கில் இருப்பவருக்கு மழை இடைவெளி நீளம், 3,000-க்குக் குறைந்தால் பயனில்லை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை:

முதல் மழை அழுக்கு. தூசி, பறவை எச்சம், இலை. கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் அரை முதல் ஒரு லிட்டர் வரை வெளியே தள்ள வேண்டும். 80 சதுர மீட்டருக்கு 40–80 லிட்டர். டேங்குக்கு முன்னால் அடைத்த முனையுள்ள செங்குத்துக் குழாய் ஒன்று வைத்து, அடியில் சொட்டும் அளவுக்குச் சின்னத் துளை இட்டால் அது தானாகவே வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகும். துளை அடைபட்டால் அழுக்கு நேரே டேங்குக்குத்தான், மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

கொசு. டெங்குவும் சிக்குன்குன்யாவும் இங்கே வந்துபோன நோய்கள். புலிக்கொசு முட்டை பறக்கும் கொசுவாக வெயில்காலத்தில் ஏழெட்டு நாள் போதும். மூடி, நிரம்பி வழியும் குழாய் இரண்டிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வலை வேண்டும். வழிகுழாயை மறந்துவிடுவார்கள், கொசு அந்த வழியாகத்தான் போகும்.

குடிக்க வேண்டாம். கழுவவும் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் போதும். வாடை வந்தால், மணம் சேர்க்காத 5 விழுக்காட்டு ஜாவேல் திரவம் (குளோரின் பிளீச்) 1,000 லிட்டருக்கு 40 மில்லி கலக்கலாம். மழைநீர்க் குழாயை ஊர்க் குழாயோடு எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். அழுத்தம் போகும் நேரத்தில் அழுக்கு திரும்பித் தெருக் குழாய்க்குள் போகும்.

எடை. 1,000 லிட்டர் ஒரு டன். பழைய தளத்தில் ஏற்றுவதானால் சுவர் நேர்மேலே வையுங்கள், தளத்தின் நடுவில் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை டேங்கை நிரப்புவது. காலி டேங்க் காற்றில் பறக்கும், நிரம்பியது அசையாது. புயலுக்குப் பின் இரண்டு மூன்று நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் கைகொடுக்கும்.

கரையோரத்தில் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டால் என்ன?

அனுமதி இல்லாமல் போட முடியாது. காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தீவின் குடிநீரில் ஏறத்தாழ பாதி நிலத்தடியிலிருந்துதான் வருகிறது. கரையோரத்தில் நல்ல நீர் கடல்நீர் மேல் மிதக்கிறது. நல்ல நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல நீர் நிற்கும். நீங்கள் ஒரு மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கடல்நீர் அந்த 40 மீட்டரும் மேலேறி வரும். உப்பு ஏறிய கிணறு நாலு மழைக்குத் தெளியாது, ஆண்டுக்கணக்காகும். பக்கத்துக் கிணறுகளும் சேர்ந்து கெடும்.

சுற்றுலாப் பயணிகள் நம் ஜனத்தொகையைவிட அதிகமாமே?

ஆண்டுக் கணக்கில் ஆம், 13–14 லட்சம் பேர். ஆனால் சராசரியாகப் பதினோரு இரவு தங்குகிறார்கள் என்று கொண்டால் எந்த ஒரு நாளிலும் தீவில் இருப்பது 40 ஆயிரம் பேர்தான். 3 விழுக்காடு சொச்சம். நீச்சல்குளம், புல்வெளி, தினசரி வெள்ளைத்துணி எல்லாம் சேர்ந்து அவர்களின் தலைக்கு நுகர்வு பல மடங்கு. என்றாலும் முழுப் பழியையும் அவர்கள் மேல் போட்டால் கணக்கு உதைக்கும். உண்மையான உரசல், நவம்பர், டிசம்பரில் நீர்த்தேக்கம் வற்றும் வாரங்களிலேயே ஹோட்டல்கள் நிரம்புவது.

ஆள் கூடவில்லை, பின்னே கரும்புத் தோட்டமெல்லாம் மனைக்கட்டாக மாறுவது ஏன்?

குடும்பம் சிறுத்துவிட்டது. ஒரு வீட்டுக்குச் சராசரியாக 2000-இல் 3.9 பேர், 2011-இல் 3.5 பேர். அதே ஜனத்துக்கு அதிக வீடு, அதிக ஃபிரிட்ஜ், அதிக கார், அதிக சாலை. இது ஒரு பக்கம்.

மறுபக்கம் கரும்பின் சரிவு. ஐரோப்பா 1975 முதல் நல்ல விலைக்கு வாங்கிய சர்க்கரைக்கு 2006 தொடங்கி விலையை 36 விழுக்காடு வெட்டியது, 2009-இல் அந்த ஒப்பந்தமே முடிந்தது. சிறு விவசாயிகள் கைவிட்டார்கள். பெரும் எஸ்டேட்டுகள் நிலத்தை மோர்செல்மாங் மனைகளாகவும் வில்லாக்களாகவும் விற்கின்றன. ஆக, நிலம் போவது பிள்ளைப்பேற்றால் அல்ல, சர்க்கரை விலையாலும் நில விலையாலும். மண்ணை மூடிய கான்கிரீட் மழையை உறிஞ்சாது. 2013 மார்ச் 30-ஆம் தேதி போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மில்லிமீட்டர் கொட்டியபோது 11 உயிர் போனது. அந்த நீரில் ஒரு சொட்டும் நிலத்தடிக்குப் பயன்படவில்லை.

சோற்றுக்கு நாம் தன்னிறைவு அடைய முடியாதா?

அரிசியில் முடியாது. ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 60 கிலோ என்று கொண்டால் 150 கன மீட்டர். வீட்டுக் குழாயில் ஆண்டு முழுதும் பிடிப்பதுபோல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த நீரைக் கண்டத்து நாடுகளிலிருந்து அரிசி வடிவில் இறக்குமதி செய்கிறோம். நம் நீருக்கு அது லாபம்தான்.

ஆனால் பெட்டகம் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது மொரீஷியஸ் தனி அனுமதி பெற்றுத்தான் வாங்க வேண்டியிருந்தது. காய்கறி, கிழங்கு, முட்டை, கோழியில் கையைப் பலப்படுத்திக்கொண்டு அரிசிக்குக் கையிருப்பு வைப்பதுதான் நடக்கிற காரியம்.

காடு அழிந்தது ஜனப்பெருக்கத்தால்தானே?

காலவரிசை அப்படிச் சொல்லவில்லை. 1638-இல் டச்சுக்காரர்கள் குடியேறியபோது அவர்கள் சில நூறு பேருக்கு மேல் இல்லை. டோடோ பறவை அந்த நூற்றாண்டிலேயே போய்விட்டது. கருங்காலி மரம் கப்பலேறியது. கப்பலோடு வந்த எலி, பன்றி, குரங்கு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. பெருவெட்டு 19-ஆம் நூற்றாண்டில், சர்க்கரைக்காக. சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து வெட்டித் திருத்திய நிலம் அது. தின்ற வாய் ஐரோப்பாவில் இருந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள பூர்வீகக் காடு தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

கடல் வளத்தில் ஏதாவது சரியாக நடந்திருக்கிறதா?

இரண்டு. காயல் மணலை வெட்டிக் கட்டடத்துக்கு எடுப்பதை 2001-இல் தடைசெய்தார்கள். கருங்கல்லை நொறுக்கிய மணல் அந்த இடத்தைப் பிடித்தது. கட்டுமானம் நின்றுவிடவில்லை.

இன்னொன்று ரொத்ரீக்ஸ். 108 சதுர கிலோமீட்டரில் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர், கணவாய் வகையான ஆக்டோபஸ் பிடிப்பை நம்பிய பல குடும்பங்கள். 2012 முதல் ஆகஸ்ட்–அக்டோபரில் இரண்டு மாதம் பிடிப்பை மூடுகிறார்கள். ஆக்டோபஸ் வேகமாக எடைபோடும் உயிர், அதனால் குறுகிய மூடலே பலன் தருகிறது. மூடிய காலத்தில் மீனவர்களுக்குக் கூலியோடு மாற்று வேலை கொடுத்ததால்தான் அந்தத் தடை நிலைத்தது. கூலி இல்லாத தடையை ராத்திரியில் மீறுவார்கள். மெதுவாக வளரும் மீனுக்கு இந்த இரண்டு மாதச் சூத்திரம் பொருந்தாது.

இனி ஜனம் குறையப்போகிறது. அப்போது எல்லாம் மிஞ்சுமா?

தண்ணீரில் அவ்வளவாக மிஞ்சாது. குழாயின் நீளம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை, கசிவும் குறைவதில்லை. அதே பராமரிப்புச் செலவைக் குறைந்த பேர் தாங்க வேண்டும், அவர்களில் ஓய்வூதியக்காரர் விகிதம் கூடிக்கொண்டே போகும். குழாயை மாற்ற வேண்டுமானால் உழைக்கும் வயதினர் அதிகமாக இருக்கும் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுதான் வசதி. நிலத்திலும் கட்டிய கான்கிரீட் திரும்பிக் கரும்பாகாது.

கடல்நீரைக் குடிநீராக்கிவிட்டால் தீர்ந்ததல்லவா?

ரொத்ரீக்ஸிலும் சில கரையோர ஹோட்டல்களிலும் செய்கிறார்கள். மழையில்லாத இடத்துக்குச் சரி. ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இறக்குமதி நிலக்கரியும் எண்ணெயும்தான். கரும்புச் சக்கை அறுவடைக் காலத்தில் மட்டும், அதுவும் தோட்டம் சுருங்கச் சுருங்கக் குறைகிறது. பாதி கசியும் குழாயில் அந்த நீரை விட்டால், வீடு வந்து சேரும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 7 யூனிட் ஆகிவிடும். கேட்கும்போது ஆலையின் விலையை மட்டும் கேட்காதீர்கள், அது எந்தக் குழாயில் போகப்போகிறது என்றும் கேளுங்கள்.